அயலார் கண்ட நம் பந்தி

தாம் உண்ணும் முறையைத் தாமே கண்டறிந்தவர் உலகில் மிகச் சிலர். பிறந்த நாள் தொட்டுப் பழகிய ஒன்று கண்ணுக்குப் படுவதில்லை. வலக்கையால் உண்பதும், செம்பை உயர்த்தி வாய் படாமல் நீர் அருந்துவதும், உண்டபின் வாய் கொப்புளிப்பதும், மோர்ச் சோற்றோடு உணவை முடிப்பதும் நமக்கு மூச்சு விடுவதைப் போல் இயல்பாகிவிட்டன. இவை ஒரு நாட்டின் தனி மரபு என்பதை நமக்கு உணர்த்த, வேறொரு நாட்டிலிருந்து ஒருவன் வந்து நம் எதிரே அமர்ந்து திகைக்க வேண்டியிருக்கிறது.

ஊரை விட்டு வந்து வாழும் நம் குடும்பத்தினர் இந்த உண்மையை ஓரளவு அறிவர். ரசம் சோறு இலையிலிருந்து வழிந்தோடாமல் அதை அணை கட்டி அள்ளும் வித்தையை அண்டை வீட்டுப் பிள்ளை வாய் பிளந்து பார்க்கும்போதுதான், அஃது ஒரு வித்தை என்பதே நமக்குத் தெரிகிறது. அவ்வாறே, அண்டை வீட்டு அம்மையார் ரொட்டியை இரு விரலால் விண்டு பருப்பைத் தொட்டு எடுக்கும் நேர்த்தியை நம் பிள்ளைகள் முயன்று கற்க வேண்டியிருக்கிறது.

ஆயினும் இஃது ஓர் இந்தியர் மற்றோர் இந்தியரிடம் கொள்ளும் வியப்பே. கடலையும் மலையையும் கடந்து வந்த யாத்திரிகர்கள் நம் நாட்டு உணவையும் உண்ணும் முறையையும் முதன்முதலாகக் கண்டபோது கொண்ட வியப்பு இதனினும் பெரிது. ஏறத்தாழ இருபத்து மூன்று நூற்றாண்டுகளாக அவர்கள் அதனை எழுதி வந்திருக்கிறார்கள். அக்குறிப்புகளில் சிலவற்றை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம். அவற்றுள் நம்மை மகிழ்விப்பனவும் உண்டு. தலை குனியச் செய்வனவும் உண்டு. இரண்டையும் ஒருங்கே சொல்வதுதான் முறை.

தனித்தனி முக்காலி

கி.மு. 300-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சந்திரகுப்த மௌரியரின் அவைக்குக் கிரேக்கத் தூதராக வந்தவர் மெகஸ்தனீஸ். அவர் எழுதிய நூல் மறைந்து போயிற்று. பிற்கால ஆசிரியர்கள் எடுத்தாண்ட பகுதிகளே நமக்குக் கிடைத்துள்ளன. இரவு உணவின்போது ஒவ்வொருவர் முன்னும் முக்காலி போன்றதொரு சிறு மேசை வைக்கப்படும் என்றும், அதன்மேல் பொற்கிண்ணம் இருக்கும் என்றும், அதில் முதலில் சோற்றை இட்டுப் பின்னர் இந்நாட்டு முறையில் சமைத்த பல வகைப் பக்குவங்களைப் பரிமாறுவர் என்றும் அவர் சொல்கிறார். பொற்கிண்ணம் அரண்மனையோடு போகட்டும். முதலில் சோறு, அதன்மேல் மற்றவை என்ற வரிசையைக் கவனியுங்கள். பாடலிபுத்திரத்து முக்காலிக்கும் இன்று நாம் விரிக்கும் இலைக்கும் இடையே அவ்வளவு தூரம் இல்லை.

அவர் ஒரு குறையும் சொல்லியிருக்கிறார். இந்நாட்டார் எப்போதும் தனித்தே உண்கிறார்கள். அனைவரும் கூடி உண்பதற்கென்று ஒரு வேளை இல்லை. கூடி உண்பதே சமுதாய வாழ்வுக்கு நல்லது என்பது அவர் கருத்து. இந்தக் குறிப்பைச் சற்று நினைவில் வைத்திருக்குமாறு நேயர்களைக் கேட்டுக் கொள்கிறோம். மீண்டும் இதனிடம் வருவோம்.

தூய்மை கண்ட துறவிகள்

கி.பி. 629-இல் புறப்பட்டு 645-இல் தாயகம் திரும்பிய சீனத் துறவி யுவான் சுவாங், இந்நாட்டு மக்களின் தூய்மையைப் பாராட்டி எழுதினார். உண்பதற்கு முன் கை கழுவுகிறார்கள். மிச்சத்தை மறுபடியும் பரிமாறுவதில்லை. மண் கலமும் மரக் கலமும் ஒரு முறை உண்டபின் எறியப்படுகின்றன. பொன், வெள்ளி, செம்பு, இரும்புக் கலங்கள் ஒவ்வொரு முறையும் துலக்கப்படுகின்றன. உண்டபின் பல் குச்சியை மென்று வாயைத் தூய்மை செய்து கொள்கிறார்கள். இவையெல்லாம் பிறர் வற்புறுத்தலால் நடப்பன அல்ல, மக்கள் தாமே விரும்பிக் கைக்கொள்வன என்றும் அவர் குறித்தார்.

அவருக்குப் பின் 671-இல் கடல் வழியே புறப்பட்டு நாளந்தாவில் நெடுநாள் தங்கிக் கற்ற இத்சிங் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தவர். தரையைச் சாணமிட்டு மெழுகி, ஏழு அங்குல உயரமுள்ள சிறு இருக்கைகளை இடைவெளி விட்டு வரிசையாக இடுவார்கள் என்கிறார். முதலில் கட்டை விரலளவு இஞ்சித் துண்டும் உப்பும் இலையில் வைக்கப்படும். பின்னர் சோறும் பருப்புச் சாறும் சூடான நெய்யும் வரும். அவற்றை விரலால் பிசைந்து உண்பார்கள். பிடிகுச்சிகளால் உண்ணும் நாட்டிலிருந்து வந்த அவர், இந்நாட்டில் எங்கும் அக்குச்சிகள் இல்லை என்பதைத் தம் மக்களுக்குச் சொல்கிறார். சொல்லும்போது ஏளனம் சிறிதும் இல்லை. தம் நாட்டுத் துறவிகள் மிச்சத்தை வைத்திருந்து மறுநாள் உண்பதைத்தான் அவர் குறை கூறுகிறார். தூயது எது, எச்சில் எது என்று பகுத்துப் பார்ப்பதுவே இந்நாட்டுக்கும் பிற நாடுகளுக்கும் உள்ள முதல் வேறுபாடு என்பது அவர் முடிவு.

ஆண்டுக்கணக்கில் உடனமர்ந்து உண்டவர் சொன்ன சொல் இது. ஆதலின் இதற்கு மதிப்பு மிகுதி.

வாய் படாத நீர்

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ சீனத்திலிருந்து திரும்பும் வழியில் நம் பாண்டி நாட்டுக் கடற்கரையை அடைந்தார். ‘மாபார்’ என்று அவர் எழுதும் அந்நாட்டில் அவர் கண்டவை, நம் பாட்டிமார் நமக்குச் சொல்லிக் கொடுத்தவைதாம். வலக்கையால் மட்டுமே உண்பார்கள். தூய செயல்களுக்கு வலக்கை, பிறவற்றுக்கு இடக்கை. ஒவ்வொருவருக்கும் தனிக் குவளை உண்டு. ஒருவர் குவளையில் மற்றொருவர் குடிப்பதில்லை. குடிக்கும்போதும் குவளையை உதட்டில் வைக்காமல் உயர்த்தி வாயில் ஊற்றிக் கொள்வார்கள். குவளை இல்லாத அயலான் வந்தால் அவன் இரு கைகளையும் ஏந்தச் செய்து அதில் ஊற்றுவார்கள்.

அரசர் முதலானோர் தரையில் அமர்வதைக் கண்டு காரணம் வினவியபோது, மண்ணிலிருந்து வந்தோம், மண்ணுக்கே திரும்புவோம், ஆதலால் மண்ணில் அமர்வது மதிப்புக்கு உரியதே என்று விடை கிடைத்ததாகவும் அவர் எழுதுகிறார். அந்த விடையைச் சொன்ன தமிழர் யாரோ, அறியோம். சொன்ன விதம் மட்டும் நம்மூர்த் திண்ணையில் இன்றும் கேட்கக் கூடியது.

வாய் படாமல் நீர் அருந்துவது காண்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. 1583 முதல் சில ஆண்டுகள் கோவாவில் இருந்த ஒல்லாந்துக்காரரான லின்சோட்டன் இதைப் பற்றி ஒரு சுவையான செய்தி தருகிறார். கோவாவில் குடியேறிய போர்த்துகீசியர் நாளடைவில் நம் முறையைக் கற்றுக் கொண்டனர். லிஸ்பனிலிருந்து அன்று கப்பலில் வந்திறங்கியவரோ, குவளையை உயர்த்தியவுடன் நீரை மார்பெல்லாம் கொட்டிக் கொள்வார். உடனே பழைய குடிகளான போர்த்துகீசியர் அவரைப் புதிதாக வந்தவர் என்று பெயரிட்டுக் கைகொட்டிச் சிரிப்பார்கள்! நேற்றுச் சட்டையை நனைத்துக் கொண்டவரே இன்று மற்றவரைப் பார்த்து நகைக்கிறார். குடியேறியோர் இயல்பு எந்நாட்டிலும் எக்காலத்திலும் ஒன்றுதான் போலும்.

ஹொன்னாவரில் ஒரு விருந்து

மொராக்கோ நாட்டு இபின் பதூதா 1333-இல் சிந்து நதியை அடைந்தவர்; தில்லியில் சில ஆண்டுகள் நீதிபதியாக இருந்து, 1342-இல் தூதராகப் புறப்பட்டு மேற்குக் கடற்கரைக்கு வந்தார். ஹொன்னாவர் சுல்தான் அளித்த உணவை அவர் வருணிக்கும் பகுதி, ஒரு விருந்துப் பந்தியின் ஒழுங்கான பட்டியலாகவே அமைந்திருக்கிறது. முன்னே ஒரு பெரிய செம்புத் தட்டு வைக்கப்படுகிறது. அதற்குத் ‘தாலம்’ என்று பெயர் என்று அவரே குறிக்கிறார். பட்டாடை அணிந்த பணிப்பெண் அகப்பையால் ஒரு கரண்டி சோறு இட்டு நெய் வார்க்கிறாள். ஓரத்தில் ஊறவைத்த மிளகுக் கொத்து, பச்சை இஞ்சி, எலுமிச்சை, மாங்காய் ஊறுகாய்கள். ஒரு கவளம் சோறு, சிறிது ஊறுகாய் என்று உண்ண வேண்டும். அந்தச் சோறு தீர்ந்ததும் அடுத்த கரண்டி, அதற்குக் கோழி. அதன்பின் மீன் வகைகள். அதன்பின் நெய்யில் சமைத்த காய்கறிகள். எல்லாம் முடிந்தபின் தயிர் வருகிறது. தயிர் வந்துவிட்டால் இனி வேறொன்றும் வராது என்று அறிந்து கொள்ளலாம் என்கிறார்!

அறுநூற்று எண்பது ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கோடியிலிருந்து வந்த ஒருவர், நம் பந்தியின் இலக்கணத்தை இவ்வளவு சரியாகப் பிடித்துக் கொண்டாரே என்று நாம் வியக்கிறோம்.

ஆனால் அவருக்கும் ஒரு துயரம் இருந்தது. கோதுமை ரொட்டி உண்டு வளர்ந்த அவர், அந்தச் சுல்தானிடம் மற்றொரு முறை பதினொரு மாதங்கள் தங்கியபோது ரொட்டியையே காணவில்லை. மாலத்தீவு, இலங்கை, சோழமண்டலம், மலையாளம் என்று மூன்று ஆண்டுகள் சோறே உண்டு, கடைசியில் தண்ணீரின் துணையில்லாமல் சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை என்று எழுதுகிறார். வட நாட்டில் அலுவல் ஏற்ற முதல் ஆண்டில், மூன்று வேளையும் ரொட்டியைக் கண்டு, ஒரு பிடி சோற்றுக்கும் ஒரு கரண்டி குழம்புக்கும் ஏங்கிய நேயர்கள் இந்த மொராக்கோக்காரரைத் தம் உடன்பிறந்தாராகவே கருதலாம். ஏக்கம் ஒன்றே, திசைதான் வேறு.

ஐம்பது தட்டுகள்

1615 முதல் 1619 வரை ஜஹாங்கீர் அவையில் ஆங்கிலத் தூதராயிருந்தவர் சர் தாமஸ் ரோ. அவருடைய பாதிரியார் எட்வர்ட் டெரி. மன்னரின் மைத்துனரான ஆசப் கான் ஒரு நாள் இவ்விருவருக்கும் அழகிய கூடாரத்தில் விருந்தளித்தார். மூவரும் தரையில் விரிப்பின்மேல், ஒருவருக்கொருவர் எட்ட, முக்கோணமாக அமர்ந்தனர். தட்டுகள் வெள்ளித் தட்டுகள். தூதருக்கு வீட்டுக்காரரை விடப் பத்துத் தட்டு மிகுதி. பாதிரியாருக்குப் பத்துத் தட்டு குறைவு. அந்தக் குறைந்த பங்கே ஐம்பது தட்டு! வெண்மையும் பச்சையும் ஊதாவுமாக வண்ணம் ஏற்றிய சோற்றுவகைகளையும் அவர் கண்டார். எதையும் ஒதுக்காமல் ஒவ்வொன்றிலும் சிறிது சுவை பார்த்ததாகவும், காலை மடக்கி நெடுநேரம் உட்கார்ந்ததுதான் பெருந்துன்பமாக இருந்ததென்றும் எழுதுகிறார். வெங்காயமும் சிறிது மசாலையும் நெய்யும் சேர்த்துச் சமைத்த ஓர் இறைச்சிக் கறியைத் தாம் வாழ்நாளில் உண்டவற்றுள் மிகச் சுவையானது என்று புகழ்கிறார்.

மிளகாய் இல்லாத இந்தியா

இங்கே ஒன்றை நினைவூட்ட வேண்டும். மெகஸ்தனீஸ் முதல் இபின் பதூதா வரை வந்த எவரும் நம் நாட்டில் ஒரு மிளகாயைக்கூடக் கண்டதில்லை. மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி ஆகிய மூன்றும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோட்டை அடைந்த பின்னரே, பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக மிளகாய் நம் கரையில் இறங்கியது. மற்ற இரண்டும் பரவியது அதற்கும் பின்னர்தான். இபின் பதூதாவின் தட்டிலிருந்த காரம் மிளகுக் காரம். தேநீர்ப் பழக்கமோ இன்னும் புதியது. அஸ்ஸாம் தோட்டங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றி, இருபதாம் நூற்றாண்டில்தான் அது வீட்டுக்கு வீடு பரவியது.

இன்று நம் நாட்டுக்கு வரும் வெள்ளைக்காரர் கண்ணில் நீர் வழிய, ‘இந்திய உணவு காரம்’ என்கிறார். அந்தக் காரத்தை இங்கே கொண்டு வந்தவர் ஐரோப்பியர்தாம் என்று அவருக்கு எடுத்துச் சொல்லலாம். நம் பங்குக்கு நாமும் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். வற்றல் மிளகாய் இல்லாத சாம்பாரை நம்மால் நினைக்க முடிகிறதா? ஊர் விட்டு ஊர் வந்த ஒரு காய், நானூறு ஆண்டுகளில் வீட்டுக்காரனாகவே ஆகிவிட்டது. குடியேறியவர்களாகிய நமக்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு.

இலையின் மறுபக்கம்

இதுவரை கூறியவை இனியவை. இனிக் கூறுவதும் அதே யாத்திரிகர்களின் நூல்களில் உள்ளதே.

1030-ஐ ஒட்டி நம் நாட்டைப் பற்றிப் பெருநூல் எழுதிய அல்பெரூனி, சமஸ்கிருதம் கற்று நம் சாத்திரங்களைப் போற்றியவர். அவரே, இந்நாட்டார் அயல் நாட்டவரை மிலேச்சர் என்று அழைத்து, அவர்களோடு மண உறவும் உடன் உறைதலும் உண்ணலும் பருகலும் கூடா என்று விலக்குகிறார்கள் என எழுதி வருந்துகிறார். ஹொன்னாவர் விருந்தைப் புகழ்ந்த இபின் பதூதா, மலையாள நாட்டு வழியில் கண்டதையும் மறைக்கவில்லை. முஸ்லிம் வீடு இல்லாத ஊரில் முஸ்லிம் வழிப்போக்கருக்கு அவ்வூரார் சமைத்து உணவளிக்கிறார்கள். ஆனால் வீட்டுக்குள் விடுவதில்லை, வாழையிலையில் இடுகிறார்கள், அவர் உண்டு மிஞ்சியதை நாயும் பறவையும் தின்னும். தம் கலத்தில் அவர் உண்டுவிட்டாலோ அதை உடைத்து விடுவார்கள்.

வாழையிலையின் பசுமையை நாம் பாடாத நாளில்லை. அதே இலை, ஒருவனைத் தம் பாத்திரத்திலிருந்து விலக்கி வைக்கும் கருவியாகவும் இருந்தது என்பதை ஒரு வழிப்போக்கர்தான் நமக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இத்சிங் புகழ்ந்த தூய்மையும் அல்பெரூனி வருந்திய விலக்கும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. எச்சில் கலம் தூயதன்று என்பது உடலுக்கு நலம் தரும் அறிவு. இன்னான் தொட்ட கலம் தூயதன்று என்பது மனிதனை இழிவுபடுத்தும் அநீதி. முன்னது எங்கே முடிந்தது, பின்னது எங்கே தொடங்கியது என்று நம் முன்னோர் எல்லை கட்டத் தவறினர். தனித்தே உண்கிறார்கள் என்று மெகஸ்தனீஸ் சொன்ன குறை இங்கேதான் பொருள் பெறுகிறது.

இந்தச் சுவர் நெடுங்காலம் நின்றது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1947 வரை ரயில் நிலையங்களில் இந்துக்களுக்கு ஒரு தண்ணீர், முஸ்லிம்களுக்கு ஒரு தண்ணீர் என்றே வழங்கினார்கள். உணவு அறைகளும் வேறு வேறு. 1924, 1925 ஆண்டுகளில் சேரன்மாதேவி குருகுலத்தில் மாணவர் சிலருக்குத் தனிப் பந்தி வைத்தது தமிழ்நாட்டையே கலக்கிவிட்டது.

ஆனால் சுவரை இடித்தவர்களும் இந்நாட்டவரே. சீக்கியர் குருத்துவாரங்களில் ‘லங்கர்’ என்னும் பொதுப் பந்தி நூற்றாண்டுகளாக நடந்து வருகிறது. அரசனும் ஆண்டியும் ஒரே தரையில் ஒரே வரிசையில் அமர வேண்டும். புரி ஜகந்நாதர் கோயில் மகாபிரசாதத்தைச் சாதி பாராமல் பக்தர்கள் பகிர்ந்து உண்பது பழைய வழக்கம். இபின் பதூதா நடந்த அதே மலையாளக் கரையில், கொச்சியை அடுத்த செறாயில், சகோதரன் ஐயப்பன் 1917-இல் எல்லாச் சாதியாரையும் ஓரிடத்தில் அமர்த்திச் சமபந்தி நடத்தினார். அதற்காகப் ‘புலையன் ஐயப்பன்’ என்று இகழப்பட்டபோது, அப்பெயரை அவர் பெருமையாகவே ஏற்றுக் கொண்டார். 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. உணவு விடுதிகளில் எவரையும் சாதி, மதம் கருதி விலக்கலாகாது என்று 15-ஆம் பிரிவு விதித்தது.

நம் வீட்டுப் பந்தி

சட்டம் உணவு விடுதியின் வாசல் வரை வரும். வீட்டின் அடுக்களைக்குள் வாராது. அங்கே காவல் நாம்தாம். வெளியூரில் வீடு தேடி அலைந்தபோது, ‘நீங்கள் என்ன சாப்பிடுவீர்கள்?’ என்ற கேள்வியைக் கேட்டுத் திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. அந்தக் கேள்வியின் முள் எங்கே குத்தும் என்று நமக்குத் தெரியும். தெரிந்த நாமே, சொந்த வீடு வாங்கியபின் குடிவர வருபவரிடம் அதே கேள்வியைக் கேட்கலாமா? பாத்திரம் துலக்க வரும் அம்மாளுக்குக் காப்பி கொடுக்கத் தனி டம்ளர் ஒன்று ஜன்னலோரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்குமானால், அது இபின் பதூதா கண்ட அதே கலம் அன்றோ? வீட்டுப் பாத்திரம் அனைத்தையும் துலக்கும் கை, அந்த வீட்டுப் பாத்திரத்தில் குடிக்கலாகாது என்பதற்கு எந்தத் தூய்மை நூலில் இடம் இருக்கிறது?

நம் பிள்ளைகள் இங்கே பிறந்து வளர்கிறார்கள். பஞ்சாபிப் பிள்ளையும் வங்காளிப் பிள்ளையும் அவர்களுடைய நண்பர்கள். சில வேளை கடல் கடந்து வந்தவரும் நம் வீட்டு விருந்தினர் ஆகிறார். அத்தகையோர் வரும்போது அவர்களை மேசையில் தனியே அமர்த்தி நாம் தள்ளி நின்று பரிமாற வேண்டா. உடன் அமர்வோம். இலையின் நுனி இடப்பக்கம் இருக்க வேண்டும் என்பதையும், தயிர் வந்தால் முடிவு என்பதையும், பல வீடுகளில் உண்டபின் இலையைத் தம் பக்கமாக மடிப்பது நிறைவின் அடையாளம் என்பதையும் அவர்களுக்குச் சொல்வோம். விரலால் பிசைய வராதவர்க்குக் கரண்டி ஒன்று கேளாமலே அருகில் இருக்கட்டும். நீரைச் சட்டையில் கொட்டிக் கொண்டால், கோவாவின் பழங்குடிகளைப் போல் சிரியாதிருப்போம். அவர்கள் வீட்டுக்கு நாம் போகும்போது, நம் வழக்கம் ஏற்கும் அளவில் அவர்கள் முறையை நாமும் கற்போம். ஏலாத உணவை ‘வேண்டா’ என்று பணிவாக விலக்குவது வேறு. அருவருத்து முகம் சுளிப்பது வேறு. பிள்ளைகள் இந்த வேறுபாட்டை நம் சொல்லிலிருந்து கற்பதில்லை. நம் முகத்திலிருந்தே கற்கிறார்கள்.

கை கழுவும் வழக்கத்தையும், எச்சில் படாத நீரையும், விருந்தினர்க்கு முதல் கரண்டி என்ற பண்பையும் நம் முன்னோர் நமக்கு வைத்துச் சென்றனர். அவற்றை விடாமல் காப்போம். அவற்றோடு ஒட்டிக்கொண்டு வந்த விலக்கை மட்டும் களைந்து எறிவோம். அயலார் நம் பந்தியைப் பற்றி இன்னும் எழுதுவார்கள். எவரும் தள்ளி உட்கார வைக்கப்படாத பந்தி என்று அவர்கள் எழுதட்டும். அதற்கு வேண்டியது இன்னும் ஓர் இலை விரிக்கும் மனமே.